பொதுக் கிணறு முதல் இணையக் கம்பி வரை

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வாண்டில், கடந்த கால் நூற்றாண்டில் நம் பிள்ளைகளின் கல்வியோடு நெருங்கிப் பிணைந்துவிட்ட ஒன்றைப் பற்றி எழுத முற்படுகின்றோம். அரசுப் பள்ளிகளுக்கு அதிவேக இணைய வசதி எவ்வாறு வந்தது, யாரிடம் முதலில் வந்தது, யாரிடம் பின்னர் வந்தது என்பதே அது. இஃது ஒரு தொழில்நுட்பச் செய்தியாகத் தோன்றினும், உண்மையில் நம் மக்களின் நெடுங்கால உரிமை வரலாற்றில் ஓர் அண்மைக்கால அத்தியாயமே என்பது நம் கருத்து.

ஆரணி, காஞ்சிபுரம் எனும் இரு பட்டு நகரங்களுக்கிடையே அமைந்த வெம்பாக்கம் வட்டாரம் ஏரிகளால் வாழ்ந்த வட்டாரம். மாமண்டூர்க் குடைவரைகளை ஒட்டிய பேரேரி பல்லவர் காலத்தது என்பர் வரலாற்றறிஞர். ஏரி நிரம்பினால் மட்டும் எல்லா வயலும் விளைந்துவிடுவதில்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிவர். மதகை அடுத்த வயலுக்கு நீர் முதலில் பாயும். கடைமடைக்கு வரும்போது வாய்க்காலில் ஈரம் மட்டுமே எஞ்சும். சாலை, கிணறு, மின்விளக்கு, பள்ளிக்கூடம் என அரசு வழங்கிய ஒவ்வொரு பொது வசதியிலும் சேரியே கடைமடையாக இருந்தது. இணையமும் அவ்வழியே வந்ததா என்பதை ஆராய்வோம்.

பள்ளி வந்த வரலாறு

1891ஆம் ஆண்டில், நமக்கு அண்டையிலுள்ள செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராயிருந்த திரமென்ஹீர், நம் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். நிலமின்மை, கொத்தடிமை, கல்வியின்மை ஆகியவற்றை அவ்வறிக்கை எடுத்துரைத்தது. அதன் பயனாக 1892இல் பஞ்சமி நில ஆணையும், 1893இல் பஞ்சமர் கல்விக்கான ஆணையும் பிறந்தன. 1894இல் ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அதே காலத்தில் அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் எழுத்தாலும் அமைப்பாலும் கல்வி உரிமையை வற்புறுத்தி வந்தனர்.

எனினும், ஆணை பிறந்ததனால் பள்ளிக் கதவு திறந்துவிடவில்லை. பல பொதுப் பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயில் மனையிலும் வாடகை இடங்களிலும் நடந்தமையால், நம் பிள்ளைகள் அவ்விடங்களில் காலடி வைக்கவும் இயலவில்லை. ஆகவே 1919–20இல் ஏற்பட்ட தொழிலாளர் நலத்துறை நம் குடியிருப்புகளிலேயே தனிப்பள்ளிகளை நிறுவத் தொடங்கிற்று. நம் முதியோர் இன்றும் 'லேபர் பள்ளிக்கூடம்' என்று சொல்வது அதனையே. அவை 1949இல் தோன்றிய அரிசன நலத்துறையின் கீழ் வந்து, பின்னர் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. பள்ளிக் கல்வித்துறை ஒருபுறமும் ஆதிதிராவிடர் நலத்துறை மறுபுறமுமாக அரசுப் பள்ளிகள் இருவேறு துறைகளின்கீழ் நிற்பதன் மூலம் இதுவேயாகும். இணைய வரலாற்றுக்கும் இச்செய்தி இன்றியமையாதது. அதனைப் பின்னர்க் காண்போம்.

1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், வீரையன் முதலிய நம் உறுப்பினர்களின் முயற்சியால், பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்னும் நிலைப்பாட்டை அரசு ஏற்று ஆணையிட்டது. பம்பாய் மாகாணத்திலும் 1923இல் இத்தகைய தீர்மானம் நிறைவேறிற்று. ஆயினும் மகத் நகரத்துக் குளத்து நீரை நம் மக்கள் அள்ளிக் குடிக்க, 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் செல்ல வேண்டியதாயிற்று. காகிதத்தில் கிடைத்த உரிமை, கால்நடையாகச் சென்று கைக்கொண்ட பிறகே உரிமையாயிற்று. இப்பாடத்தை மனத்திற்கொண்டு இணையத்தின் வரலாற்றுக்குச் செல்வோம்.

தறியின் அட்டையும் கணிப்பொறியும்

இளைஞர்கள் கணிப்பொறியை அயலிடத்துப் பொருள் என எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை. ஆரணித் தறிகளின்மேல் தொங்கும் ஜக்கார்டு பெட்டியையும், அதில் வரிசையாக ஏறி இறங்கும் துளையிட்ட அட்டைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். துளை உள்ள இடத்தில் ஊசி செல்லும். இல்லாத இடத்தில் நிற்கும். அதன்படி பாவு இழை உயர்ந்து, சேலையில் மயிலும் அன்னமும் தோன்றும். 1804இல் பிரான்சு நாட்டில் ஜக்கார்டு என்பார் அமைத்த இம்முறையைக் கண்டே, பாபேஜ் என்னும் ஆங்கிலேயர் துளை அட்டையால் இயங்கும் கணக்கிடும் பொறியை 1830களில் திட்டமிட்டார். 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் என்பார் துளை அட்டைகளைக் கொண்டே முடித்தார். உண்டு, இல்லை என்னும் இரு நிலைகளால் எல்லாச் செய்தியையும் எழுதும் கணிப்பொறி முறைக்கு நெசவாளியின் அட்டை நெருங்கிய உறவு. தறியின் கணக்கை அறிந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கணிப்பொறியின் கணக்கு எட்டாததன்று.

கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முயற்சி அமெரிக்காவில் 1969இல் வெற்றி கண்டது. இந்தியாவில் 1986இல் தொடங்கிய எர்னெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலை, சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட உயர் நிறுவனங்களை இணைத்தது. பொதுமக்களுக்கு இணைய இணைப்பை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் பெருநகரங்களில் வழங்கத் தொடங்கிற்று. முதலில் உயர் கல்வி நிலையம், பின்னர்ப் பெருநகரம் என்பதே வரிசை. சிற்றூர்ப் பள்ளி அவ்வரிசையில் எங்கும் இடம்பெறவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகட்கு முன்

நம் சங்கம் தோன்றிய காலத்தை ஒட்டித் தமிழகத்துச் சிற்றூர்களில் இரு முயற்சிகள் நடைபெற்றன. புதுச்சேரிப் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு சிற்றூர் அறிவு மையங்களை நிறுவிற்று. மையம் அமையும் இடத்தை ஊரார் தர வேண்டும். ஆனால் அவ்விடம் எல்லாச் சாதியினரும் தடையின்றி வரக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்று அந்நிறுவனம் நிபந்தனை விதித்தது. நம் பார்வையில் கணிப்பொறியைக் காட்டிலும் அந்நிபந்தனையே பெரிது.

மற்றது, 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லாக் கருவியைக் கொண்டு ஊர்தோறும் இணையச் சாவடிகள் அமைத்த முயற்சியாகும். வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் மட்டுமே. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும் மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும் சாவடிகள் பயன்பட்டன. அச்சாவடிகளை ஆராய்ந்தோர் கண்ட உண்மை குறிக்கத்தக்கது. சாவடி நம் குடியிருப்புக்கு அருகே அமைந்து, நம்மவர் அதில் பணிபுரிந்த இடங்களில் நம் மக்கள் மிகுதியாக வந்தனர். ஊர்த் தெருவில் அமைந்த இடங்களில் தயங்கினர். கம்பியில்லாக் கருவிக்குச் சாதி தெரியாது. ஆனால் அக்கருவி வைக்கப்பட்ட திண்ணைக்குச் சாதி உண்டு. வருவாய் போதாமையால் அச்சாவடிகளுள் பல சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன.

இதே காலத்தில் 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றுள்ள அந்நிறுவனத்தின் மின்நூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய தமிழ் நூல்களைக் காசின்றிப் படிக்கலாம். நூலகமில்லாத ஊருக்கு நூலகம் வரும் வழி அது. ஆனால் அவ்வழியின் வாயில் இணைப்பு உள்ளவனுக்கே திறந்தது.

பள்ளிக்கு வந்த கருவிகள்

நடுவணரசு 2004 டிசம்பரில் பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. நம் குடும்பங்களில் பலவற்றுள் முதன்முதல் நுழைந்த கணிப்பொறி அதுவே. அதனால் பயனடைந்து பொறியாளராகவும் ஆசிரியராகவும் உயர்ந்தோர் பலர் உளர். எனினும் இணைய இணைப்பில்லாத மடிக்கணினி, நீரில்லா வாய்க்காலில் கிடக்கும் ஏற்றம் போன்றதே.

2018–19ஆம் ஆண்டு வாக்கில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. அதன்பின் தொடக்கப் பள்ளிகளுக்கும் அகன்ற திரை கொண்ட திறன்மிகு வகுப்பறைகள் 22,931 என்னும் அளவில் திட்டமிடப்பட்டன. 2024ஆம் ஆண்டை ஒட்டி நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தை நோக்கமாகக் கொண்டு ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகளுக்கு அகலக்கற்றை இணைப்பு வழங்கப்பட்டு வந்தது. இவை போற்றத்தக்க பணிகள்.

வேகம் என்பதன் பொருளையும் சற்று விளக்குவோம். ஓர் இணைப்பின் வேகத்தை அப்போது இயங்கும் எல்லாக் கருவிகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. 100 மெகாபிட் இணைப்பை 20 கணிப்பொறிகள் ஒருங்கே பயன்படுத்தினால் ஒவ்வொன்றுக்கும் 5 மெகாபிட் கிடைக்கும். படக்காட்சிப் பாடம் தடையின்றி ஓடும். 4 மெகாபிட் இணைப்பாயின் ஒவ்வொன்றுக்கும் ஒரு மெகாபிட்டில் ஐந்தில் ஒரு பங்கே கிடைக்கும். படம் நின்று நின்று ஓடி, ஈற்றில் ஆசிரியர் அதனை நிறுத்திவிட்டுக் கரும்பலகைக்கே திரும்புவார். ஆகவே, 'எங்கள் பள்ளியில் இணையம் உண்டு' என்று கேட்டவுடன் நிறைவடைதல் கூடாது. எவ்வளவு வேகம், எத்தனை பிள்ளைகளுக்கு என்று வினவுதல் வேண்டும்.

கண்ணாடி இழையின் கதை

நாட்டின் இரண்டரை இலட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வடம் இட்டு, ஒவ்வொன்றுக்கும் 100 மெகாபிட் வழங்கும் திட்டத்தை நடுவணரசு 2011 அக்டோபரில் ஏற்றது. இரண்டாண்டில் முடியும் எனக் கருதப்பட்ட அத்திட்டம், பின்னர்ப் பாரத்நெட் எனப் பெயர் மாறி, ஆண்டுகள் பல கடந்தது. 2023 ஆகஸ்டில் அதன் திருத்திய வடிவத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளிக்கப்பட்டது. சிற்றூர்களிலுள்ள எல்லா அரசு இடைநிலைப் பள்ளிகளுக்கும் இதன்வழி அகலக்கற்றை இணைப்புத் தரப்படும் என 2025 பிப்ரவரி முதல் நாள் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

தமிழகத்தில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணிக்கெனத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 2018இல் ஏற்பட்டது. அதன் முதல் ஒப்பந்தப்புள்ளி முறையீடுகளுக்கு உள்ளாகி, 2020 ஜூனில் நடுவணரசின் உத்தரவால் கைவிடப்பட்டது. அம்மாதம் எத்தகைய மாதம் என்பதை நினைவுகூர வேண்டும். கொரோனாத் தொற்றினால் மார்ச்சு 17 முதல் தமிழகப் பள்ளிகள் அனைத்தும் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகளுக்கு இணையம் மிகவும் தேவைப்பட்ட அந்நாளில், சிற்றூருக்கு வர வேண்டிய கம்பி கோப்பிலேயே கிடந்தது.

இத்திட்டத்திற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நம்மவர் பலர் அறியார். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் நூற்றுக்கு ஐந்து விழுக்காடு பொதுச் சேவைக் கடமை நிதிக்குச் செல்கின்றது. 2002இல் தோன்றிய அந்நிதி, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் பெற்றது. கூலி வேலை முடித்து வரும் தாய், கைப்பேசிக்குக் கட்டும் பணத்திலும் ஒரு சிறு பங்கு அதில் உண்டு. ஆதலின், பள்ளிக்கு வரும் இணையம் எவரும் இரங்கி இடும் கொடையன்று. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய நிதியிலிருந்து பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் இணைப்புக் கட்டணத்தில் 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி அளிக்கப்படுகின்றது. வறிய பிள்ளைகள் மிகுந்த பள்ளிக்கே மிகுந்த தள்ளுபடி. தென்கொரியா 2000ஆம் ஆண்டின் முடிவிலேயே தன் பள்ளிகள் அனைத்தையும் இணைத்து முடித்தது. கடைமடைக்கு முதல் நீர் என்று அரசு உறுதி பூண்டால் அதனைச் செய்து முடிக்க இயலும் என்பதற்கு இவை சான்றுகள்.

பள்ளி பூட்டிய காலம்

தொற்றுக்கு முன்னர், 2017–18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுப்படி, இந்தியச் சிற்றூர் வீடுகளில் நூற்றுக்கு 15க்கே இணைய வசதி இருந்தது. கணிப்பொறி இருந்த வீடுகள் நூற்றுக்கு ஐந்தும் இல்லை. அந்நிலையில்தான் வகுப்புகள் இணையத்துக்கு மாறின. கேரளத்தில் 2020 ஜூன் முதல் நாள் இணையவழி வகுப்புகள் தொடங்கிய அன்றே, மலப்புறம் மாவட்டத்தில் தலித் பள்ளி மாணவி ஒருத்தி உயிர்நீத்தாள். வீட்டுத் தொலைக்காட்சி பழுதுற்றிருந்தது, திறன்பேசியும் இல்லை என்று அவள் குடும்பத்தார் கூறினர். நாட்டையே உலுக்கிய செய்தி அது.

2021 ஆகஸ்டில் தமிழகம் உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், வறிய குடியிருப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 1,400 பிள்ளைகளிடம் பொருளியலறிஞர் ழான் திரேஸ் முதலியோர் ஆய்வு நடத்தினர். சிற்றூர்களில் ஒழுங்காக இணையவழி பயின்றோர் நூற்றுக்கு எண்மரே. அவர்களுள்ளும் பட்டியலின, பழங்குடிப் பிள்ளைகளைத் தனியே கணக்கிட்டபோது நூற்றுக்கு நால்வர். ஏனையோரில் நூற்றுக்குப் பதினைவர். ஒரே ஊர், ஒரே வறுமை. எனினும் நான்குக்கும் பதினைந்துக்கும் இடையே நிற்கும் வேலி எது என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

தமிழகத்தில் கல்வித் தொலைக்காட்சி அக்குறையை ஓரளவு போக்கிற்று. 2021 அக்டோபர் 27ஆம் நாள் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' வழியாகத் தன்னார்வலர் வீட்டுத் திண்ணைகளில் மாலை வகுப்பு நடத்தினர். கம்பி வராத இடத்துக்கு மனிதர் சென்றனர். கருவிக்கு முன்னும் பின்னும் கற்பிப்பவர் ஒருவர் வேண்டும் என்பதை அக்காலம் நமக்கு உணர்த்திற்று.

இன்றைய நிலையும் நம் கடமையும்

இன்று மேற்படிப்பு உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், நுழைவுத் தேர்வு, அரசுப் பணித் தேர்வு ஆகிய யாவற்றுக்கும் இணையவழியே விண்ணப்பிக்க வேண்டியுள்ளது. 1944இல் தொடங்கிய பட்டியலின மாணவர் உதவித்தொகை நம் பட்டதாரிகளை உருவாக்கிய பெருந்திட்டம்; அதன் வாயிலும் இன்று கணிப்பொறித் திரையிலேயே உள்ளது. விண்ணப்பத்தில் ஒரு பிழை நேர்ந்தால் ஓராண்டுப் படிப்பு நின்றுபோதலும் கூடும். செய்யாறு சிப்காட்டின் தொழிற்சாலைகள் நம் வட்டாரத்திலேயே எழுந்துள்ளன. அங்கே நம் பெண்கள் தையற்பொறி முன் மட்டும் அமர்வதா, கணக்கும் வடிவமைப்பும் செய்யும் அறைகளிலும் அமர்வதா என்பதைப் பள்ளியில் பெறும் பயிற்சியே பெரிதும் முடிவு செய்யும்.

2019 செப்டம்பர் 19ஆம் நாள் கேரள உயர்நீதிமன்றம், கல்லூரி விடுதி மாணவி ஒருவர் தொடுத்த வழக்கில், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையின் கூறு எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒன்றிய அரசின் பள்ளிப் புள்ளிவிவரப்படி, 2024–25இல் நாட்டின் பள்ளிகளில் நூற்றுக்கு 63 அல்லது 64க்கே இணைய வசதி இருந்தது. எஞ்சிய பள்ளிகளில் யார் பிள்ளைகள் பயில்கின்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

துறைப் பிரிவினையும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒரு துறை புதிய திட்டம் தொடங்கினால், மற்றொரு துறையின் பள்ளிக்கு அது தானாகச் சென்று சேர்வதில்லை. தனி ஆணையும் தனி நிதியும் வேண்டும். 2023 மார்ச்சில் பல துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித்துறையின்கீழ்க் கொணர்வதாகத் தமிழக அரசு அறிவித்தபோது, நம்மவரிடையே இருவேறு கருத்துகள் எழுந்தன. வசதி சமமாகும் என்றனர் ஒருசாரார். நமக்கென்றுள்ள நிலமும் பணியிடமும் கரைந்துபோகும் என்றனர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. எத்துறையின்கீழ் இருப்பினும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கு வரும் இணைப்பு வேகத்தில் குறைதல் கூடாது என்பதில் நாம் ஒன்றுபட்டு நிற்கலாம். 2024இல் தமிழகச் சட்டமன்றம் பட்டியலினத்தோர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்திற்கெனச் சட்டம் இயற்றியுள்ளது. அந்நிதியைக் கேட்டுப் பெறுதற்கு அச்சட்டம் நமக்கு ஒரு கருவி.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் நாம் வேண்டுவன சில. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நூற்றுக்கு 75 பங்கு பெற்றோர் இருத்தல் வேண்டும். பின்தள்ளப்பட்ட பிரிவினர்க்கு அவர்தம் விகிதப்படி இடம் உண்டு. நம் தாய்மார் அக்குழுவில் பெயரளவில் இராமல் கூட்டத்துக்குச் சென்று வினவ வேண்டும். இணைப்பின் வேகம் என்ன? கட்டணம் நிலுவையின்றிக் கட்டப்படுகிறதா? மின்சாரம் நின்றால் இன்வர்ட்டர் உண்டா? கணிப்பொறி அறை வாரத்தில் எத்தனை மணி திறந்திருக்கிறது? இணைப்பு வருகைப் பதிவேற்றத்துக்கு மட்டும் பயன்படுகிறதா, பிள்ளைகளின் கைக்கும் எட்டுகிறதா? பெண் பிள்ளைகளுக்கும் விசைப்பலகை கிடைக்கிறதா, அன்றி அவர்கள் பின்னின்று பார்க்க மட்டுமே விடப்படுகிறார்களா? விடை கிடைக்காவிடில் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேளுங்கள்.

படித்து முன்னேறிய நம்மவர், விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு மாலைப் பொழுதையேனும் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். உதவித்தொகை விண்ணப்பத்தைப் பிழையின்றி நிரப்பவும், மின்நூலகத்தில் ஒரு நூலைத் தேடவும், பொய்ச் செய்தியைப் பிரித்தறியவும் கற்றுக் கொடுக்க வேண்டும். கேளிக்கையில் பொழுதை விழுங்கும் ஆற்றலும் இணையத்துக்கு உண்டாதலின், வழிகாட்டல் இன்றியமையாதது.

1924இல் பொதுக் கிணற்றின் கயிற்றைப் பற்றும் உரிமை நமக்கு எழுத்தில் கிடைத்தது. அதனை நடைமுறையில் பெற, ஊர்தோறும் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அடிபட்டும் அவமானப்பட்டும் நின்றனர். இன்று பள்ளிச் சுவரில் வந்து நிற்கும் கண்ணாடி இழையும் அத்தகைய பொதுச் சொத்தே. அதன் முழுப்பயன் நம் குடியிருப்பின் கடைசி வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது, வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் அடுத்த கால் நூற்றாண்டுப் பணிகளுள் ஒன்றாக அமைவதாகுக.